குடைத்துணி கறுப்பாக வரவேண்டும்

இப்போதும் டவுன் பஸ்ஸில் ஏறினால் மேல்கம்பியை ஒரு தடவை உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பிடிக்கிறேன். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறி எந்தக் கொக்கியில் தொங்குகிறது, அந்தக் கொக்கியை எவன் மாட்டினான் என்று யோசனை ஓடும். அதற்குள் இலையில் ரசம் ஓடிவிடும். "என்ன அண்ணாச்சி, மேல பல்லி கிடக்கா?" என்று பக்கத்து இலைக்காரர் கேட்பார். பல்லியாவது ஒன்றாவது. எல்லாம் அந்த அக்காவிடமிருந்து தொற்றிக்கொண்ட வியாதி.

பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. என் கையால் எழுதினால் கொஞ்சங்கூடப் பிடிக்காது. எங்கள் பட்டறையில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. ஊதுற அக்கா. அவ்வளவுதான்.

எனக்குப் பேட்டைப் பக்கம் இரும்புப் பட்டறை. வாசல் கேட், மாடிப்படிக் கைப்பிடி, தொழிற்சாலைகளுக்கு ஏணி, இயந்திரம் உட்கார்கிற சட்டம், எல்லாம் செய்வோம். செய்த இரும்பைக் கட்டடத்தில் நிறுத்த வேண்டுமே, அதற்குத்தான் கெமிக்கல். காங்கிரீட்டில் துளை போட்டு, எப்பாக்ஸிப் பசையைத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் உள்ளே செலுத்தி, மரை போட்ட கம்பியைத் திருகிச் சொருகினால் தீர்ந்தது. இறுகிவிட்டால் கல்லும் கம்பியும் ஒரே உடம்பு. அப்படித்தான் விற்கிறவன் சொல்லுவான், அது பொய்யுமில்லை.

ஆனால் துளைக்குள்ளே மாவு மாதிரி தூசி தங்கும். அதை எடுக்காமல் பசையை விட்டால் வெளியே பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. கம்பி ஜம்மென்று நிற்கும். உலுக்கினாலும் நிற்கும். அக்கா சொல்வாள்: "பசைக்கு என்ன தெரியும் தம்பி? முன்னால எது நிக்குதோ அதப் பிடிச்சுக்கிடும். தூசி நின்னா தூசியப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். கல்லு சும்மா பாத்துக்கிட்டு நிக்கும்."

அவள் எங்களிடம் வந்தது சித்தாளாக. கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலை வேலை. கடற்கரை ஊர்க்காரி, பாளையங்கோட்டையில் வாடகைக்கு இருந்தாள். நாற்பதைத் தாண்டிய வயது, என்னைவிட எட்டொன்பது வருஷம் மூத்தவள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. பசை விற்கிற கம்பெனி ஆள் ஒருவர் வந்து, துளையைக் கைப்பம்பால் நாலு தடவை ஊத வேண்டும், உருளைப் பிரஷ்ஷை விட்டு நாலு தடவை தேய்க்க வேண்டும், மறுபடி நாலு தடவை ஊத வேண்டும் என்று செய்துகாட்டினார். துளை போடுகிற ஆண்பிள்ளைச் சிங்கங்கள் எல்லாம் சிரித்தார்கள். அடுப்பு ஊதுகிற வேலையை எங்களைச் செய்யச் சொல்லுகிறாரே என்று பம்பைத் தூக்கி அவளிடம் கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டாள். அந்தப் பம்பை அவள் கையிலிருந்து அப்புறம் யாராலும் வாங்க முடியவில்லை.

பன்னிரண்டு தடவை செய்தால் போதும் என்று கம்பெனியே சொல்லியும் அவளுக்குத் திருப்தி வராது. தானே ஒரு சோதனை கண்டுபிடித்து வைத்திருந்தாள். தென்னை ஈர்க்கின் நுனியில், கிழிந்த குடையிலிருந்து வெட்டிய கறுப்புத் துணியைச் சுற்றிக் கட்டி, அதைத் துளையின் அடிவரைக்கும் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பாள். துணி கறுப்பாகவே வந்தால் பசை. வெள்ளை தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு நாள் நாற்பது துளையில் பதினேழை அப்படித் திருப்பி அனுப்பினாள். டிரில் போடுகிறவனுக்குப் பொறுக்கவில்லை.

"எக்கா, குழிய ஊதத்தான சொன்னாவ? குடும்பமா நடத்தச் சொன்னாவ?"

"குடும்பம்னா வாயத் தொறந்து குத்தம் சொல்லும்லே. இது சொல்லாதுல்லா. நாமதான் கேட்டுக்கிடணும்" என்றாள். புஸ், புஸ் என்று பம்புச் சத்தம் மறுபடி கிளம்பியது.

வேலையில் மட்டும் என்றால் பரவாயில்லை. டீக்கடையில் காலி கிளாஸைக் கேட்டு வாங்கி, உள்ளே ஊதி, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் டீயை ஊற்றச் சொல்வாள். மாதா கோவில் திருவிழாவில் கொட்டகைக் காலை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்து, பந்தல்காரன் அவளோடு சண்டைக்கு வந்திருக்கிறான். என் வீட்டுக்கு ஒரு தடவை வந்தவள் கூடத்தில் உட்காரவில்லை. "இந்த ஃபேன யாரு மாட்டுனா?" என்று என் மனைவியிடம் கேட்டு, தெரியாது என்றதும் நிலைப்படிப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். என் மனைவிக்கு ஒரு வாரம் ஆத்திரம். அந்த ஒரு வாரமும் மின்விசிறிக்குக் கீழே அவளும் படுக்கவில்லை.

இவ்வளவு பயம் ஒரு மனுஷிக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குள் ஒரு அரிப்பு. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"ஏன்க்கா, ஒங்க வீட்டுல யாருக்கும் ஏதும் ஆச்சா? மேல இருந்து ஏதும் விழுந்து..."

அக்கா பம்பை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு சோலிய ஒழுங்காச் செய்யணும்னா வீட்டுல ஒருத்தன் செத்திருக்கணுமோ தம்பி? நல்லா இருக்கே கத!"

எனக்கு மூஞ்சி செத்துப்போய்விட்டது. அவள் அதோடு மறந்துவிட்டுத் துளைக்குள் ஈர்க்கை விட்டாள். நான் மறக்கவில்லை. பிறகு நடந்ததை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது.

கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத்தில் ஒரு போஸ்ட்மாஸ்டர் இருந்தார். ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, ஒரே மகன் பெங்களூரில். ஊஞ்சல் தொங்கிய உத்திரத்தைச் செல் அரித்துவிட்டது என்று, சுவருக்குச் சுவர் இரும்புச் சட்டம் போட எங்களைக் கூப்பிட்டார். அந்தக்காலச் சுண்ணாம்புச் சுவர். வெளியே முட்டை ஓடு மாதிரி வழவழப்பு. அக்கா அரைமணி நேரம் விரல்முட்டியால் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா, சுவரோட பேசிண்டிருக்கே?" என்றார் அவர்.

"சாமி, ஒங்க சுவரு பாதி காத்து."

"நானும் அப்படித்தான் இருக்கேன், போ" என்று சிரித்தார்.

பொள்ளல் சுவரில் பசையை அப்படியே விட்டால் உள்ளே எங்கேயோ ஓடிப்போகும். அதனால் சல்லடைக் குழாயைச் சொருகி அதற்குள் பசையை நிரப்பிக் கம்பி வைத்தோம். இறுக ஒரு நாள் வேண்டும். போஸ்ட்மாஸ்டருக்கோ ஊஞ்சலில் உட்காராமல் மத்தியானத் தூக்கம் வராது. அக்கா ஊஞ்சல் பலகையைத் தூக்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு உச்சிக்குத்தான் சாமி. மொதல்ல நான் ஆடுவேன். பொறவுதான் நீங்க." மறுநாள் உச்சிக்கு எழுபது கிலோ உடம்பை ஊஞ்சலில் ஏற்றி, கால்மணி நேரம் வீடு அதிர ஆடினாள். இறங்கி, சட்டத்தின் நாலு முனையையும் தொட்டுப் பார்த்து, "இனி ஒக்காருங்க" என்றாள்.

"நாப்பது வருஷம் தபால் ஆபீஸ்ல குப்பை கொட்டினேன். ரிஜிஸ்தர் தபாலுக்குக்கூட இத்தனை சம்பிரதாயம் கெடையாது" என்று என்னிடம் சொன்னார் போஸ்ட்மாஸ்டர். அன்றைக்கு இரண்டு கட்டு அப்பளம் அவளுக்கு, ஒரு கட்டு எனக்கு. அதற்குப் பிறகு ஊரில் யார் கேட்டாலும் அவருக்கு ஒரே பேச்சு: "அவ சரின்னுட்டா சரி."

படித்துறை வேலை அவர் சொல்லித்தான் எங்களுக்கு வந்தது. ஆற்றங்கரையில் எந்தப் படித்துறை என்பது வேண்டாம். பதினெட்டுக் கல்படி. பாசி பிடித்து வழுக்கும். அமாவாசைக்கு வயசாளிகள் தர்ப்பணம் கொடுக்க இறங்குவார்கள். பிடித்து இறங்கப் பக்கத்துக்கு ஏழு கால், ஆக மொத்தம் பதினாலு குழாய்க் கால்கள், காலுக்குக் கால் சங்கிலி. ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு தகடு, தகடு நிற்க நாலு கம்பி. வைகாசி மாசம், ஆறு ஒடுங்கிக் கிடந்தது. மேலிருந்து கீழே பன்னிரண்டு காலை அக்கா வைத்து முடித்தாள். கடைசிப் படியில் இரண்டு பாக்கி. அப்போது அவள் ஊரிலிருந்து போன். அம்மா விழுந்துவிட்டாள், இடுப்பெலும்பு.

பையைத் தூக்கிக்கொண்டு படியேறியவள் பாதியில் நின்று திரும்பினாள். "தம்பி, கீழ ரெண்டையும் நான் வந்துதான் வைக்கணும். நீங்க கை வைக்காதிய. ஆத்து ஈரத்துல தூசி சேறாயிரும். தண்ணி விட்டுக் கழுவி, தேச்சு, மறுபடி கழுவி, காய ஊதி... அதுக்குப் பொறும வேணும். ஒங்களுக்கு அது கிடையாது."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. மொதலாளி நானா இவளா என்று ஒரு வீறாப்பு. மறுநாள் காலையில், பாபநாசம் அணையிலிருந்து நாளைக்குத் தண்ணீர் திறக்கிறார்கள் என்று சேதி வந்தது. திறந்தால் கீழ்ப்படி முங்கிவிடும், அப்புறம் அடுத்த சித்திரைதான். படித்துறைக் கமிட்டிக்காரர்கள் திறப்பு விழாவுக்கு நாள் குறித்து, பலகைக்குப் பெயிண்டும் அடித்துவிட்டார்கள். எனக்குத் தெரியாத வேலையா என்று நானே டிரில்லை எடுத்தேன். துளைக்குள் மாவு கூழாகிக் கிடந்தது. பம்பால் இரண்டு தடவை ஊதினேன். சேறு மூஞ்சியில் தெறித்தது. பிரஷ்ஷைத் தேடினேன், காணோம். கம்பியில் சாக்குத் துணியைச் சுற்றி ஒரு துடை துடைத்தேன். எட்டுத் துளையிலும் பசையை விட்டு, கம்பியைச் சொருகி, கால்களை நிறுத்தினேன். சாயங்காலம் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. நான்கூடச் செய்வேன் என்று அவளுக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என்னையே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

நாலு நாள் கழித்து அக்கா வந்தாள். கீழ்ப்படிக்கு மேல் முழங்கால் தண்ணீர் ஓடியது. இரண்டு கால்களும் தண்ணீருக்கு மேல் பளபளவென்று நின்றன.

"யாரு ஊதுனா?"

"நான்தான்க்கா. முறையா நாலு, நாலு, நாலு."

"தேச்சியளா?"

"தேய்க்காம இருப்பனா?"

அக்கா தோளில் கிடந்த பையைக் கீழே வைத்தாள். உள்ளே கையை விட்டு உருளைப் பிரஷ்ஷை எடுத்து என் முன்னால் நீட்டினாள். "இது எங்கூட ஊருக்கு வந்துட்டு. அவசரத்துல பையில போட்டுட்டேன். நீங்க எதால தேச்சிய?"

வேறு ஒன்று வாங்கினேன் என்று உளறினேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து எனக்குத் 'தம்பி' என்ற சொல் வரவில்லை. மொதலாளி ஆகிவிட்டேன்.

"ரெண்டு காலையும் அறுத்து எடுங்க மொதலாளி" என்று மறுநாளிலிருந்து ஆரம்பித்தாள். "ஒண்ணும் ஆகாதுக்கா. தொங்கிப் பாத்தாச்சு. சித்திரையில தண்ணி வத்தட்டும், மாத்திருவோம்" என்றேன். விழா நடத்தி, மாலை போட்டு, போட்டோ எடுத்த காலை அறுத்தால் கமிட்டியில் என்ன சொல்வது? "உள்ளத சொல்லுங்க" என்றாள். அந்த ஒரு காரியம்தான் எனக்கு முடியாமல் இருந்தது.

அவளே போய்க் கருவேல முள்ளை வெட்டிவந்து இரண்டு கால்களிலும் கைவைக்க முடியாதபடி சுற்றிக் கட்டினாள். அமாவாசை வந்தால் கமிட்டிக்காரர்கள், நல்ல நாளும் அதுவுமாக இது என்ன கோலம் என்று முள்ளை எடுத்துப்போட்டுவிடுவார்கள். ஆகவே அமாவாசைதோறும் அக்கா வெள்ளென முதல் பஸ்ஸில் போய் அங்கே நின்றாள். ஆடி அமாவாசைக்கு இடுப்பளவு தண்ணீரில், இரண்டு காலுக்கும் நடுவே, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு. "இதப் பிடிக்காதிய. மேல உள்ளதப் பிடிங்க. அங்கனயே நின்னு முங்குங்க." சிலுவை போட்டவளுக்கு நம் படித்துறையில் என்ன சோலி என்று முணுமுணுத்தார்கள். கோட்டி பிடித்தவள் என்றார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

போஸ்ட்மாஸ்டர் மட்டும் ஏனென்று கேட்டாராம். "இது இன்னும் சரியாகல்ல சாமி" என்றாளாம். அவ்வளவுதான் சொன்னாள். என் பெயரை இழுக்கவில்லை. அவரும் சரி என்று மேலுள்ள காலைப் பிடித்து முங்கிவிட்டுப் போவார். புரட்டாசி அமாவாசைக்கும் நின்றாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையிலும் நின்றாள். நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. அவள்தான் நிற்கிறாளே என்று இருந்துவிட்டேன்.

தை அமாவாசைக்கு முதல் நாள் மத்தியானம் போன் வந்தது. குரலே அவளுடையதாக இல்லை. "காச்சல். எந்திரிச்சா தல சுத்துது. நாளைக்கு ஒரு நாள் நீங்க போயி நில்லுங்க மொதலாளி. வெள்ளென போயிருங்க. மறக்காதிய."

"சரிக்கா, சரிக்கா."

மறக்கவில்லை, கிளம்பினேன். சேரன்மகாதேவி வந்ததும் பசித்தது. வண்டியை நிறுத்தி இட்லி சாப்பிட்டேன். வடை எண்ணெயில் வெந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் அண்ணாச்சி என்றார்கள். வடைக்காகக் காத்திருந்தேன்.

நான் போனபோது படித்துறையில் கூட்டம் நின்ற விதமே சரியில்லை. கீழ்ப்படியின் வலது கால் தகடோடு பெயர்ந்து, சங்கிலியில் மாட்டித் தண்ணீரில் அலைந்துகொண்டிருந்தது. நாலு கம்பியும் பனங்கிழங்கு பிடுங்கின மாதிரி அப்படியே முழுசாக வந்திருந்தன. படியில் பூ விற்கிற அம்மாள்தான் அழுதுகொண்டே சொன்னாள்.

"போஸ்ட்மாஸ்டர் சாமிதான்யா. முள்ளையும் காணோம், அந்தப் பொம்பளையும் நிக்கல. 'இன்னைக்கு அவ நிக்கலையே, சரி பண்ணிட்டா போலிருக்கு'ன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் எறங்குனாவ. நல்லா நம்பிப் பிடிச்சாவ."

இரண்டு மைலுக்குக் கீழே, வாழைத்தோட்டக் கரையில் ஒதுங்கியிருந்தார்.

போலீஸ்காரர் கேட்டார். "தண்ணி வேகம் சார்" என்றேன். மழைக்காலம் முடிந்து ஆறு நிறையப் போகிற சமயம், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கமிட்டித் தலைவர் என் தோளில் தட்டி, ஆற்றோடு யாரால் மல்லுக்கட்ட முடியும் என்றார். மத்தியானம் அக்கா வந்தாள். காய்ச்சலோடு பஸ் ஏறி, போர்வையைச் சுற்றிக்கொண்டு, படி படியாகச் சங்கிலியைப் பிடித்து இறங்கி வந்தாள். கரையில் எடுத்துப்போட்டிருந்த காலின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். பையிலிருந்து கறுப்புத் துணியை எடுத்து, கம்பியில் இறுகியிருந்த பசையை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாகத் துடைத்தாள். சாம்பல் நிறத்தில் சேறு வந்தது. எழுந்து, அந்தத் துணியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மடக்கிவிட்டாள். அவள் கை அடுப்பாகச் சுட்டது.

துணி இன்னும் என்னிடம் இருக்கிறது. பட்டறையில் காற்றுக் குழாய் புஸ்ஸென்று சீறினால் இன்றைக்கும் திரும்பிப் பார்க்கிறேன். மறுவாரம் ஆள்விட்டு இடது காலை அறுத்தோம். அறுக்குமுன் இரண்டு பேர் சேர்ந்து ஆட்டிப் பார்த்தோம். அது அசையவே இல்லை. அதே கை, அதே சேறு, அதே சாக்குத் துணி. ஒன்று நின்றது, ஒன்று வந்துவிட்டது. ஏன் என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் போயிற்று. அக்கா வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

சித்திரையில் போஸ்ட்மாஸ்டரின் மகன் பெங்களூரிலிருந்து வந்தார். என் வயசுதான் இருக்கும். அப்பாவின் சாயல், அதே சிரிப்பு. என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். "அப்பா எப்பவும் ஒங்களைப் பத்தித்தான் போன்ல சொல்லுவார். வெள்ளத்துல ஒரு கால் போயிடுத்து, பாவம் நீங்க என்ன பண்ணுவேள்? அந்தக் கீழ்ப்படியில ரெண்டு காலும் அப்பா நெனவா என் செலவுல வைக்கணும். நீங்கதான் வைக்கணும்." என் கை அவர் கைக்குள்ளேயே இருந்தது. உருவிக்கொள்ளவும் தெரியவில்லை.

நேரே பாளையங்கோட்டைக்குப் போனேன். அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள்.

"வாங்க மொதலாளி."

விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் வந்து வைத்தால்தான் எனக்கு மனசு ஆறும் என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பிள்ளைட்ட சொல்லியாச்சா?"

"என்னத்தக்கா சொல்ல? சொன்னா போஸ்ட்மாஸ்டர் எந்திரிச்சா வரப்போறாரு? யாருக்கு என்ன பிரயோசனம்? யாருக்கும் தெரியாது."

"உள்ள கிடக்கது யாருக்குத் தெரியப்போவுதுன்னுதான அன்னைக்கும் நெனச்சிய." அவளுக்குக் கோபம்கூட இல்லை, களைப்பாகத்தான் இருந்தது. "நான் ஒரு நாள் படுத்தேன். அந்த ஒரு நாள அவரு நம்பிட்டாரு. நான் நிக்காதது அவருக்கு அத்தாட்சியாப் போச்சு. எனக்கே ராத்திரி கண்ண மூட முடியல. நீங்க என்னடான்னா அந்தச் சேத்து மேலயே இன்னொரு காலு வைக்கக் கூப்பிடுதிய. நான் வரமாட்டேன். போங்க."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. அந்த வீட்டைக் காலிபண்ணிவிட்டுப் போய்விட்டாள். தூத்துக்குடிப் பக்கம் ஏதோ கட்டட வேலையில் ஒருத்தி துளைக்குள் ஈர்க்கை விட்டுப் பார்க்கிறாள் என்று எப்போதாவது யாராவது சொன்னால், அவளாகத்தான் இருக்கும்.

இரண்டு நாள் கழித்து மகனைப் படித்துறைக்கு வரச்சொன்னேன். காலை வெயில். ஆறு ஒடுங்கி, கீழ்ப்படி காய்ந்து கிடந்தது. இடது பக்கம் நான் அறுத்துவிட்ட தகடு, வலது பக்கம் நாலு வெறுந்துளைகள். அவர் அதற்கு மேலே இருந்த காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "இங்கதானா?" என்றார்.

சொன்னேன். அணைத் தண்ணீர், பம்பு இரண்டே தடவை, சாக்குத் துணி, ஊருக்குப் போன பிரஷ், முள், ஆறேழு மாசம் தண்ணீரில் நின்றவள், அவள் போனில் சொன்னது, இட்லி, வடை. வடையைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நாக்கு தயங்கியது. அதையும் சொன்னேன். நான் முடித்ததும் அவர், தான் பிடித்திருந்த குழாயைப் பார்த்தார். மெதுவாகக் கையை எடுத்தார்.

திரும்பிப் படியேற ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் பன்னிரண்டு கால்கள், சங்கிலி. ஒவ்வொன்றும் அவள் ஊதியது, தேய்த்தது, கறுப்புத் துணி கறுப்பாகவே வந்த பிறகு வைத்தது. ஆற்றில் எந்த வெள்ளம் வந்தாலும் அவை அசையாது. பாசியில் அவருக்கு ஒரு தடவை கால் வழுக்கியது. இதெல்லாம் பிடிக்கலாம் சார், இதெல்லாம் அவள் வைத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல், மேற்படிவரைக்கும் ஏறிப் போனார்.